சம்பந்தியம்மாவை மூச்சுப் பிடிக்கச் சொன்ன விவரம்

அன்பு மகள் சுண்டெலிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றி யாரும் கேட்காத வரைக்கும் அதுவும் நன்றாகவே இருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும், இன்னும் பெயர் வைக்காத அந்த நாலாவது ஆளும் சுகமாக இருக்க வேண்டும். தினமும் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். நான் உன்னோடு பேசும்போதெல்லாம் உன் அம்மா சமையலறையில் குழாயை மூடிவிட்டு நிற்கிறாள், அது உனக்குத் தெரியாது. தண்ணீர்ச் சத்தம் நின்றால் காது இந்தப் பக்கம் வந்துவிட்டது என்று அர்த்தம். அதனால் ஆஸ்பத்திரியில் என் எக்ஸ்ரே அறையில் உட்கார்ந்து, ஆள் வராத நேரமாகப் பார்த்து எழுதுகிறேன். நடுவில் எழுத்து கோணிக்கொண்டு போனால் யாரோ கையை உடைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்.

போன வாரம் நீயும் மாப்பிள்ளையும் பரிசோதனைக்குப் போயிருந்த நேரத்தில் சம்பந்தியம்மா எனக்கு வீடியோவில் போன் பண்ணினார்கள். அன்று சாயங்காலமே நீ கூப்பிட்டு, அப்பா அத்தைகிட்ட என்னதான் சொன்னீங்க, அவங்க நெனச்சு நெனச்சு சிரிக்கிறாங்க என்று கேட்டாய், நான் சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. சரியில்லாதது வேறு. அதைச் சொல்ல வேண்டுமானால் முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும், எனக்கும் கொஞ்சம் மானம் மிஞ்சும்.

நீ அங்கே பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணத்தை முடித்துவிட்டு மறுநாள் போன் பண்ணினாயே, அன்றிலிருந்து நீயும் உன் அம்மாவும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அவள் கோபம் மாப்பிள்ளை மேல் இல்லை, அவர் பேசும் பாஷை மேலும் இல்லை. முந்தின நாள் சொல்லியிருந்தா நான் என்ன பிளேன் ஏறி வந்து தடுத்திருப்பேனா என்பதுதான் அவள் கேள்வி. தடுத்திருப்பாள் என்பது நம் இரண்டு பேருக்கும் தெரியும், அது வேறு விஷயம். அவள் உன்னை உங்க பொண்ணு என்கிறாள். நீ அம்மாகிட்ட சொல்லிடுங்கப்பா என்கிறாய். நான் நடுவில் தபால் பெட்டி மாதிரி வாயைத் திறந்துகொண்டு நிற்கிறேன், இரண்டு பக்கமும் போட்டுவிட்டுப் போகிறீர்கள். உங்க பொண்ணை இரும்புச்சத்து மாத்திரை ஒழுங்கா போடச் சொல்லுங்க, நான் சொன்னேன்னு சொல்ல வேணாம் என்பாள். அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்குன்னு கேளுங்க, நான் கேட்டேன்னு சொல்லாதீங்க என்பாய். நான் இதுவரை ஒரு தடவைகூட உளறவில்லை என்பதை நீ கவனித்திருக்க வேண்டும், கவனிக்கவில்லை.

பிரசவத்துக்கு யார் வருவது என்ற பேச்சு வந்தபோது நான் கொஞ்சம் சூழ்ச்சி பண்ணலாம் என்று நினைத்தேன். நானே போகிறேன் என்று வீட்டில் அறிவித்தேன். நீங்க போனா வேலைக்காகாது, நானே போறேன் என்று அவள் சொல்லுவாள் என்று கணக்குப் போட்டேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தாமலே, பிரசவத்துல உங்களுக்கு என்ன வேலை, குழந்தையை எக்ஸ்ரே எடுக்கப் போறீங்களா என்று கேட்டாள், அதோடு சரி. சொன்ன வாய்க்கு நான் போயே தீர வேண்டியதாகிவிட்டது. நீயும் சந்தோஷமாக என் பெயரில் அழைப்புக் கடிதத்துக்கு ஏற்பாடு பண்ணிவிட்டாய். நீ ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது மாப்பிள்ளை உன் பக்கத்தில் இருப்பார், வீட்டில் நானும் சம்பந்தியம்மாவும்தான் இருப்போம். அவர்களுக்கு அரபு தவிர வேறு தெரியாது, எனக்குத் தமிழே தகராறு. மாப்பிள்ளைக்காவது சாப்பிட்டீங்களா மாமா என்பது தெரியும், அதைக் காலை மாலை எந்த நேரத்திலும் கேட்கிறார், பொய் சொல்லக் கூடாது என்பதற்காகவே நான் அடிக்கடி சாப்பிடுகிறேன். ஆகவே அரபு வகுப்பில் சேர்ந்தேன். உன் அப்பா பத்தாம் வகுப்பை மிகவும் பிடித்துப்போய் இரண்டு வருஷம் படித்தவன் என்பது உனக்குத் தெரியும். படிப்பு என்னை விட்டாலும் நான் அதை விடவில்லை என்று வைத்துக்கொள்.

வகுப்பு ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் நடக்கிறது. டீச்சர் உன் வயசுக்காரி. வெளிநாட்டு வேலைக்குப் போகிற இளவட்டங்கள்தான் படிக்கிறார்கள். எனக்கு ஒரு பக்கம் ஒரு லாரி டிரைவர், இன்னொரு பக்கம் ஒரு நர்ஸ். நடுவில் நான். வீட்டிலும் நடுவில், அங்கேயும் நடுவில். முதல் பாடம் ஆளைக் கூப்பிடுவது. நாம் பெயருக்குப் பின்னால் இழுப்போம், தம்பீ, அக்கா, மகளே என்று. அவர்கள் முன்னாலேயே யா என்று தட்டி எழுப்பிவிட்டு அப்புறம்தான் ஆளைச் சொல்கிறார்கள். சொல் அல் என்று தொடங்கினால் வெறும் யா போதாது, யா அய்யுஹா என்று நீட்ட வேண்டும், பெண்ணாக இருந்தால் யா அய்யத்துஹா. வீட்டில் எல்லாரையும் இப்படிக் கூப்பிட்டுப் பழகுங்கள் என்று டீச்சர் சொல்லிவிட்டாள். எங்கள் வீட்டில் எல்லாரும் என்றால் உன் அம்மா ஒருத்திதான். கல்யாணமான நாளிலிருந்து நான் அவளை இந்தா, இங்க பாரு, கேட்டியா என்றுதான் கூப்பிட்டு வந்திருக்கிறேன், அவளும் என்னங்க என்பதோடு நிறுத்திக்கொள்வாள். அதனால் யா என்று தொடங்கிவிட்டு, அடுத்து எதைப் போடுவது என்று தெரியாமல் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டேன். அவள் திரும்பிப் பார்த்து, தூக்கம் வந்தா போய்ப் படுங்க, எதுக்கு இங்க வந்து கொட்டாவி விடுறீங்க என்றாள்.

அடுத்தது அடித்துச் சொல்வது. வீடு பெரியது என்றால் அது வெறும் தகவல். தலையில் இன்ன என்று ஒன்றை வைத்துவிட்டால் நிச்சயமாக, சத்தியமாக வீடு பெரியதுதான் என்றாகிவிடும். அது வந்தவுடன் பக்கத்தில் இருக்கும் சொல் பயந்துபோய் வாலை மாற்றிக்கொள்கிறது, வீட்டுக்குப் பைத்து என்று இருந்தது பைத்த என்றாகிறது. அப்படியும் எதிராளி நம்பவில்லை என்றால் பின்னால் ல என்று இன்னொன்று ஒட்டி அடிக்கலாம். கீழே டயர் கடைக்காரர் சம்மட்டியால் ஓங்கி அடிக்க, மேலே நாங்கள் எல்லாரும் சேர்ந்து இன்ன என்று சொல்ல, அந்தப் பாடம் மட்டும் நன்றாகப் பதிந்தது. நமக்கு ஒரு தான் போதும், நான்தான் அப்பவே சொன்னேனே என்று உன் அம்மா சொல்லும்போது அதற்கு மேல் எந்த மொழியில் என்ன சேர்க்க முடியும்.

அதற்கப்புறம் ஆசைப்படுவது. அங்கே ஆசை இரண்டு ரகம். நடக்காது என்று தெரிந்தே ஏங்குவதற்கு லைத்த. நடந்தாலும் நடக்கும் என்று எதிர்பார்ப்பதற்கு லஅல்ல. ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னாள். டிரைவர், என் முதலாளிக்குக் காது கேட்காமல் போகக் கூடாதா என்று லைத்த போட்டான். நர்ஸ், எனக்கு நல்ல மேட்ரன் கிடைக்கலாம் என்று லஅல்ல போட்டாள். நான், என் மனைவி மகளோடு பேசக் கூடாதா என்று லைத்த போட்டேன். டீச்சர், சார் இது நடக்கக்கூடியதுதானே, லஅல்ல போடுங்க என்று திருத்தினாள். நீங்க எங்க வீட்டுக்கு வந்ததில்லையேம்மா, இப்போதைக்கு லைத்தவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

இதற்கு நடுவில் ஒரு தப்பு பண்ணினேன். அவரவர் தொழிலில் தினமும் சொல்லும் வார்த்தைகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அதுதான் நாக்கில் ஒட்டும் என்றாள் டீச்சர். டிரைவர் இடது, வலது, வண்டி ரிப்பேர் எல்லாம் கேட்டுக்கொண்டான். நர்ஸ் எங்கே வலிக்கிறது என்பதைக் கேட்டுக்கொண்டாள். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஜனங்களிடம் பேசுவது அசையாதீங்க, மூச்சை இழுங்க, மூச்சு விடாதீங்க, இப்ப விடுங்க, இவ்வளவுதான். அதைக் கேட்டு எழுதிக்கொண்டேன். ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று என்று வேறு இருக்கிறது, என் அறைக்கு வருவது பெண்கள்தான் அதிகம் என்பதால் பெண்ணுக்கு உள்ளதை மட்டும் மனப்பாடம் பண்ணினேன். வீட்டில் கூடத்தில் நடந்துகொண்டே சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். உன் அம்மா கேட்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், குழாய்ச் சத்தத்தை அப்போது கவனிக்கத் தவறிவிட்டேன்.

இப்போது போனுக்கு வருகிறேன். சம்பந்தியம்மா முகம் திரையில் வந்தது. வணக்கம் சொல்லி, நலம் விசாரித்து, இன்ன போட்டு என் மகள் உங்கள் மகள் என்று முடிக்கும் வரை எல்லாம் தயாராகத்தான் வைத்திருந்தேன். யா அய்யத்துஹஸ் ஸய்யிதா என்று தொடங்கினேன். அவர்கள் கண்ணை அகல விரித்தார்கள். அதற்குக் காரணம் பிற்பாடு டீச்சர் சொன்னாள், வீட்டில் யாரும் அப்படிப் பேச மாட்டார்களாம், அது புத்தக பாஷையாம். நம் வீட்டுக்குக் குழாய் ரிப்பேருக்கு வந்தவர் வாசலில் நின்று, அம்மையீர், தங்கள் இல்லத்தில் நீர் ஒழுகுகின்றதோ என்று கேட்டால் எப்படி இருக்கும், அப்படி. சம்பந்தியம்மா சந்தோஷத்தில் மடை திறந்த மாதிரி பேச ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு ஒரு சொல் பிடிபடவில்லை. தலையில் இருந்த இன்ன, லைத்த, லஅல்ல எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிப் போய்விட்டன. தலை காலியானதும் வாய் தன் வழக்கமான வேலையைச் செய்தது. லா ததஹர்ரகீ என்றேன். அசையாதீங்க என்று அர்த்தம். அவர்கள் பேச்சை நிறுத்தி அப்படியே சிலையாக இருந்தார்கள். மூச்சை இழுங்க என்றேன். இழுத்தார்கள். லா ததனஃப்பஸீ, மூச்சு விடாதீங்க என்றேன். பிடித்துக்கொண்டார்கள். நல்ல மனுஷி, ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை, எங்கள் ஆஸ்பத்திரியில்கூட இவ்வளவு ஒத்துழைப்பு கிடைப்பதில்லை. என் வேலையைப் பற்றி நீ சொல்லியிருப்பாய், போனிலேயே ஏதோ பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டார்களோ என்னவோ.

அடுத்த வார்த்தை எனக்கு மறந்துவிட்டது. விடுங்க என்பதற்கு என்ன என்று எவ்வளவு துழாவியும் வரவில்லை. தமிழில் விடுங்க விடுங்க என்றேன், அவர்களுக்குத் தெரியவில்லை. கையை விரித்துக் காட்டினேன், அவர்களும் ஒரு கையை விரித்துக் காட்டினார்கள், மூச்சை விடவில்லை. இரண்டு கன்னமும் உப்பி முகம் சிவந்துகொண்டு வருகிறது. சம்பந்தி சண்டையில் ஆயிரம் ரகம் கேள்விப்பட்டிருக்கிறேன், போனில் மூச்சை அடக்கச் சொன்னவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அப்போது சமையலறையிலிருந்து உன் அம்மா, தனஃப்பஸீ, தனஃப்பஸீன்னு சொல்லித் தொலைங்களேன், அந்தம்மா போய்ச் சேர்ந்துடப் போறாங்க என்று கத்தினாள். சம்பந்தியம்மாவுக்கு அது நேராகவே கேட்டுவிட்டது. ஊதிய பலூனை விட்ட மாதிரி ஒரு மூச்சு விட்டார்கள் பார், என் கண்ணாடியே கலங்கினது போல இருந்தது. அதற்குப் பிறகு சிரிக்க ஆரம்பித்தார்கள். இந்தப் பக்கம் உன் அம்மாவும் சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை, எண்ணினால் நின்றுவிடும்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். குடுங்க இங்க, ஒரு மனுஷியை உசிரோட வச்சிருக்கத் தெரியல என்றாள். அவள் தமிழில் பேசினாள், அவர்கள் அரபில் பேசினார்கள், இரண்டு பேரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எதற்கு ஆமாம் என்று எனக்குத் தெரியவில்லை. சம்பந்தியம்மா எழுந்து போனைத் திருப்பி வீட்டைக் காட்டினார்கள். குழந்தைக்கு மடித்து வைத்திருக்கும் துணி, நீ படுக்கும் கட்டில், முதுகுக்கு வைத்துக்கொள்ளும் தலையணை எல்லாம் காட்டினார்கள். வாசல் பக்கம் வரும்போது உன் வார்ச்செருப்பு கிடந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை. உன் அம்மா பார்த்தாள். வாரைக் கடைசி ஓட்டைக்குத் தள்ளிப் போட்டிருந்தாயாம், அதுவும் போதாமல் ஊசியால் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருந்தாயாம். அவள் சிரிப்பு அத்தோடு நின்றது. இவ்வளவு கால் வீங்கியிருக்கு, உங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னாளா என்று என்னைக் கேட்டாள். இல்லை என்றேன். சொல்ல மாட்டா, என் பொண்ணு எதையும் முன்கூட்டிச் சொல்ல மாட்டா என்றாள். நீ நேற்று கால் எல்லாம் நல்லாத்தான் இருக்குப்பா என்று சொன்னபோது நான் சரி சரி என்றதற்குக் காரணம் உனக்கு இப்போது தெரிந்திருக்கும். கால் வீக்கத்தை டாக்டரிடம் தவறாமல் சொல், பிரஷர் பார்க்கச் சொல், தலைவலி வந்தால் அன்றே போ. எக்ஸ்ரே அறைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே. என் தொழிலில் நான் சொல்லக்கூடிய புத்திமதி அது ஒன்றுதான்.

சம்பந்தியம்மாவுக்கு முழங்கால் வலி, மாடிப்படி ஏறுவது சிரமம், நீ சரியாகத் தூங்குவதில்லை, இவ்வளவும் போனை வைத்த பிறகு எனக்குச் சொன்னாள். இதெல்லாம் எந்த பாஷையில் தெரிஞ்சுகிட்ட என்று கேட்டேன். பொம்பளைங்க பேசிக்கிறதுக்கு பாஷை ஒரு கேடா என்றாள். மறுநாள் நான் வகுப்புக்குக் கிளம்பும்போது நல்ல புடவை கட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றாள். எங்கே என்றேன். நீங்க நின்னுக்கங்க, உங்க இடத்துல நான் படிச்சுக்கறேன், அந்த டீச்சர்கிட்ட பேசிக்கலாம் என்றாள். டீச்சர் அவளைப் பார்த்ததும் உற்சாகமாகி, உங்களுக்கு ஒரு ஆசை இருந்தா அதைச் சொல்லுங்கம்மா, அரபுல சொல்லித் தர்றேன் என்றாள். உன் அம்மா, எனக்கு ஆசையெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, அவசரம்தான் இருக்கு, முதல்ல வெந்நீருக்கு என்ன, வலி வந்துடுச்சுக்கு என்ன, டாக்டரைக் கூப்பிடுங்கக்கு என்ன, அதைச் சொல்லு, இலக்கணத்தை அவரு பாத்துப்பாரு என்று என்னைக் கையைக் காட்டினாள். இப்போது நர்ஸ் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். நான் கீழே டயர் கடையில் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து அவள் வரும்வரை காத்திருக்கிறேன். டயர் கடைக்காரர் தங்கமான மனிதர், அசையாதீங்க என்று சொன்னால் அசையாமல் இருக்க மாட்டேன் என்கிறார், அவ்வளவுதான் குறை.

ஆகவே நீ உடனே செய்ய வேண்டியது, அழைப்புக் கடிதத்தில் என் பெயரை எடுத்துவிட்டு உன் அம்மா பெயரைப் போடச் சொல். பிறந்த தேதி பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே இருக்கட்டும், அவள் சொல்லும் வயசைப் போட்டுவிடாதே. நான் எழுதினேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம். ஆனால் வருகிறேன் என்று அவள் இன்னும் என்னிடம் வாயால் சொல்லவில்லை. பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிவிட்டாள், உனக்குத் தளர்வாக நாலு நைட்டி தைக்கக் கொடுத்துவிட்டாள், பெரிய அளவில் செருப்பு ஒன்று வாங்கிவிட்டாள், கேட்டால் சும்மா கிடக்கட்டும் என்கிறாள். கடைசியில் நேற்று, அவ கூப்பிட்டா போவேன், கூப்பிடாத வீட்டுக்கு நான் எதுக்குப் போகணும் என்றாள். கூப்பிடச் சொல்கிறேன் என்றேன். நீங்க சொல்லி அவ கூப்பிட வேணாம் என்றாள். அதனால்தான் இதைப் போனில் சொல்லாமல் எழுதுகிறேன், நான் எதுவும் சொல்லவில்லை, நீயும் எதுவும் படிக்கவில்லை.

இந்தக் கடிதம் கிடைத்ததும் என் நம்பருக்குப் போன் பண்ணாதே. அவள் நம்பருக்குப் பண்ணு. அம்மாகிட்ட சொல்லுங்கப்பா என்று இனிமேல் என்னிடம் எதையும் கொடுத்தனுப்பாதே, நான் வாங்க மாட்டேன். அவள் போனை எடுப்பாள், இப்போதெல்லாம் துணி காயப்போடப் போனால்கூடக் கையோடு கொண்டு போகிறாள். எடுத்துவிட்டு ஹலோ என்று சொல்ல மாட்டாள், சும்மா இருப்பாள், வைத்துவிடாதே. உன் பக்கத்து விளக்கம், அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்ற காரணம், மன்னிப்பு, எதையும் முதலில் எடுக்காதே, அதெல்லாம் அவள் வந்த பிறகு நிதானமாகத் திட்டிக்கொண்டே கேட்டுக்கொள்வாள். கால் வலிக்குதும்மா, வா என்று மட்டும் சொல்.

நீயும் மாப்பிள்ளையும் பிறக்கப் போகிற பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், ஒருத்தரை ஒருத்தர் வாய்நிறையக் கூப்பிட்டுக்கொண்டு நீண்ட நாள் இருக்க வேண்டும். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல், முழங்காலை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது என்று சொல், அங்கேயே யாரையாவது வைத்து எடுக்கச் சொல். இடது பக்கமாகப் படு. வாளி தூக்காதே.

வெளியே ஆள் வந்துவிட்டார்கள், நெஞ்சு எக்ஸ்ரே.

உன் நலம் தவிர வேறு வேண்டாத,
அப்பா